ஹெரால்டு பிறந்த ஊருக்கு ஒரு பயணம்

சென்ற செப்டம்பரில் ஒரு முற்பகல், எங்கள் அமீர்பேட் கிளைக்கு எழுபத்து மூன்று வயதுள்ள வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். கையில் ஆறு இலட்ச ரூபாய்க்கான வைப்புத்தொகை இரசீதும், மெக்கானிக் கடையொன்றின் மதிப்பீட்டுத் தாளும் இருந்தன. முதிர்வுக்குப் பதினான்கு மாதங்கள் மீதமிருந்த வைப்பை முறித்துப் பணம் தர வேண்டும் என்றார். மூத்த குடிமக்கள் இவ்வாறு வரும்போது காரணம் கேட்பது எங்கள் வழக்கம். மருத்துவச் செலவாக இருக்கலாம். தொலைபேசியில் மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பலின் வேலையாகவும் இருக்கலாம். அவர் சொன்ன காரணம் இரண்டிலும் சேரவில்லை.

"என் காரை நானே ஓட்டிக்கொண்டு சென்னைக்குப் போக வேண்டும், தம்பி" என்றார்.

மதிப்பீட்டுத் தொகை 2,35,000 ரூபாய். கார், 1966-ஆம் ஆண்டின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அவருடைய தந்தை சென்னையில் வாங்கியது. பணி நிமித்தம் ஐதராபாத்துக்கு வந்தபோது உடன் கொண்டுவந்தவர், அமீர்பேட்டில் தாம் குடியிருக்கும் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் அதை நிறுத்தி வைத்திருந்தார். ஒரு காலத்தில் ஊட்டிக்கும் கன்னியாகுமரிக்கும் சென்ற கார், கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகளாகத் துணிப்போர்வைக்குள் கிடந்தது. இப்போது அந்தக் கட்டடத்தையே இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறார்கள். சனவரி இறுதிக்குள் கீழ்த்தளம் காலியாக வேண்டும். பழைய இரும்பு வாங்குபவர் விலை பேசிவிட்டுப் போயிருந்தார். வெளிநாட்டில் இருக்கும் மகன், லாரியில் ஏற்றித் தாம்பரத்தில் உள்ள தங்கை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்றார். பெரியவருக்கு இரண்டும் உடன்பாடில்லை.

வைப்பை முறிக்க வேண்டாம் என்று நான் சொன்னேன். முன்கூட்டி முறித்தால், பொதுவாக வட்டி விகிதத்தில் அரை முதல் ஒரு விழுக்காடு வரை குறைத்தே கணக்கிடுவார்கள். அதற்குப் பதிலாக வைப்பின் மீதே கடன் பெறலாம். வைப்புக்கு வங்கி தரும் வட்டியைவிட ஏறத்தாழ ஒரு விழுக்காடு கூடுதல் வட்டி. அதுவும் எடுத்த தொகைக்கு மட்டும். வைப்பு தன் போக்கில் வளர்ந்துகொண்டிருக்கும். பழைய கார் வைத்திருப்போருக்கு இவ்வழி பொருத்தமானது. ஏனெனில் அத்தகைய காரின் பழுதுபார்ப்பில் மதிப்பீடு ஒருநாளும் மதிப்பீடாக நிற்பதில்லை. தேவைப்படும்போது சிறிது சிறிதாக எடுத்துக்கொள்ளும் வசதி வேண்டும். கையெழுத்திட்டுவிட்டு அவர் கேட்டார்: "சனவரியில் மூன்று நாள் விடுமுறை வருகிறதே, நீங்களும் வாருங்களேன்?" நாட்காட்டியைப் பார்த்தேன். நான்காம் சனி, ஞாயிறு, குடியரசு நாள். சரியென்றேன்.

ஹெரால்டை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லலாமா என்னும் கேள்வி வாசகருக்கு எழக்கூடும். கண்டிப்பாகப் பார்த்தால் அது குடும்பக் கார்தான். ஆயினும் அதன் உறவுமுறை வேறு. இங்கிலாந்தின் டிரயம்ப் நிறுவனத்துக்காக ஜியோவானி மிக்கெலொட்டி என்னும் இத்தாலியர் வரைந்த வடிவம் இது. 1959-இல் விற்பனைக்கு வந்தது. நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனித் தொங்கல் அமைப்பு, 25 அடி விட்டத்துக்குள் திரும்பிவிடும் ஸ்டியரிங், இரு கதவுகள். இதே சேஸிஸைச் சற்றுக் குறுக்கித்தான் 1962-இல் ஸ்பிட்ஃபயர் என்னும் புகழ்பெற்ற இருவர் ஸ்போர்ட்ஸ் காரை உருவாக்கினார்கள். அது 1980 வரை விற்றது. ஆக, ஹெரால்டு ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் மூத்த சகோதரி.

இந்தியாவில் அதைச் செய்தது சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம். 1948-இல் தோன்றிய அந்நிறுவனம், வண்டலூரை அடுத்த பெருங்களத்தூரில் தொழிற்சாலை நடத்தியது. 1961 முதல் ஹெரால்டு அங்கிருந்து வெளிவந்தது. எஞ்சின் 948 கன செண்டிமீட்டர். ஆற்றல் நாற்பது குதிரைத்திறனை ஒட்டியது. இன்றைய சிற்றுந்துகளோடு ஒப்பிட்டால் சிரிப்பு வரும். ஆனால் சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில், ஹெரால்டுகளும் ஃபியட்டுகளும் சீறிப் பாய்ந்ததைக் கண்டவர்கள் சிரிக்க மாட்டார்கள். நம் நாட்டில் இருவர் அமரும் உண்மையான ஸ்போர்ட்ஸ் கார் என்றால் கோவாவில் உருவான சான் ஸ்டார்ம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அது 1990களின் இறுதியில் வந்தது. அதற்கு முந்தைய தலைமுறையின் ஆசைகளைத் தாங்கியவை ஹெரால்டு போன்ற இருகதவுக் கார்களே.

நெடும்பயணம் இந்தக் காருக்குப் பிறப்பிலேயே வாய்த்தது. விற்பனைக்கு வருமுன் மாதிரிக் கார்களை ஆப்பிரிக்காவின் தென்கோடியான கேப்டவுனிலிருந்து வடக்கே மொராக்கோவின் டாஞ்சியர் வரை ஓட்டிப் பார்த்தார்கள். பாலைவனமும் காடும் கடந்து வந்த அந்தப் பயணம்தான் அதற்கு விளம்பரம். 1968-இல் இலண்டனிலிருந்து பம்பாய் வழியாகச் சிட்னி வரை நடந்த பெரும் பந்தயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். அதில் வென்றது ஹில்மன் ஹன்டர் என்னும் சாதாரணக் குடும்பக் கார். அதைவிட வேகமான கார்கள் பல, வழியிலேயே உடைந்து நின்றன.

இனிப் பழுதுபார்ப்பு. செகந்திராபாத்தில் ஒரு மூத்த மெக்கானிக். தெலுங்கும் தக்காணி உருதும் கலந்து பேசுவார். நான் முதன்முறை சென்றபோது, எஞ்சினைப் பற்றிக் கேட்டேன். அவர் எஞ்சினைப் பார்க்கவே இல்லை. முன்சக்கரத்தின் பின்னால் குனிந்து ஒரு வெண்கல மூட்டைக் காட்டினார். அதற்கு டிரன்னியன் என்று பெயர். சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் செங்குத்துத் தண்டின் அடிப்பகுதி, திருகுபோல அதற்குள் இறங்கிச் சுழல்கிறது. அதற்கு இட வேண்டியது கெட்டியான கியர் ஆயில். பிற கார்களின் பழக்கத்தில் பலரும் அதில் கிரீஸை அடைத்துவிடுவார்கள். கிரீஸ் அடிவரை இறங்காது, ஈரம் தங்கும், தண்டு உள்ளுக்குள் அரித்துக்கொண்டே போய் ஒருநாள் முறியும். முறிந்தால் சக்கரம் பக்கவாட்டில் மடிந்து விழும். அதுவும் ஓட்டத்தில் இருக்கும்போது. பெரியவரின் காரில் ஒரு பக்கத் தண்டில் இழைகள் தேய்ந்து போயிருந்தன. புதியவை இங்கிலாந்திலிருந்து வந்தன. ஸ்பிட்ஃபயர் உலகெங்கும் ஏராளமாக விற்றதால் அதன் உதிரிப்பாகங்கள் இன்றும் அங்கே புதிதாகச் செய்யப்படுகின்றன. ஹெரால்டும் அந்த உறவின் பயனை அனுபவிக்கிறது. நெடும்பயணத்துக்குப் பழைய கார் வாங்க எண்ணுபவர்கள், காரின் அழகைப் பார்க்குமுன் அதன் உதிரிப்பாகம் இன்று யாரிடம் கிடைக்கிறது என்று விசாரிப்பது நல்லது.

அடுத்தது டயர். பன்னிரண்டு ஆண்டுகளில் இருநூறு கிலோமீட்டர்கூட ஓடாத டயர்கள். பள்ளங்கள் ஆழமாக, பளபளப்பாக இருந்தன. எனக்கு அவை புதியவையாகவே தோன்றின. மெக்கானிக் பக்கச் சுவரில் இருந்த நான்கு இலக்கங்களைத் துடைத்துக் காட்டினார். முதல் இரண்டு, தயாரான வாரம். அடுத்த இரண்டு, ஆண்டு. பிறகு கட்டைவிரலால் அழுத்தினார். மயிரிழை போன்ற வெடிப்புகள் விரிந்தன. நின்றே முதுமை அடைந்த டயர்கள் அவை.

நின்றே முதுமையடைவது டயர் மட்டுமன்று. பிரேக் உருளைகள் இறுகும், ரேடியேட்டரில் துரு படியும், சீல்கள் காயும். ஐதராபாத்தின் சௌமஹல்லா அரண்மனையில் நிஜாமின் மஞ்சள் நிற ரோல்ஸ் ராய்ஸ் நிற்கிறது. நூற்றாண்டைக் கடந்தது, மிகக் குறைவாகவே ஓடியது. அரண்மனைக்கு அது தகும். நம் வீட்டுக் கீழ்த்தளத்தில் நிற்கும் காருக்கு அந்தப் பராமரிப்பு கிடைக்காது. மாதம் ஒருமுறையேனும் எஞ்சின் நன்கு சூடேறும்வரை ஓட்டுவதுதான் அதற்கு மருந்து.

பெட்ரோல் பற்றியும் சொல்ல வேண்டும். 2025-இல் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனாலின் பங்கு 20 விழுக்காட்டை எட்டியது. 1960களின் இரப்பர் இதற்காகச் செய்யப்பட்டதன்று. எத்தனால் அதை உப்பச் செய்து தளர்த்தும். காற்றிலுள்ள ஈரத்தையும் ஈர்த்துக்கொள்ளும். எனவே தொட்டியிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லாக் குழாய்களும் எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றப்பட்டன. கார்புரேட்டரும் கலவைக்கேற்பச் சற்றே திருத்தப்பட்டது. பழைய குழாய் கசிந்து சூடான எஞ்சின்மீது சொட்டினால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. இந்த வேலைக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆயிற்று. மொத்தப் பட்டியலில் மிக உருப்படியான செலவு இதுவே என்பது என் கருத்து.

சட்டப் பக்கம் வந்தால், ஐம்பது ஆண்டு கடந்த, மூல வடிவம் மாறாத வாகனங்களுக்கு 2021-இல் நடுவண் அரசு தனிப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. எண்பலகையில் "விஏ" என்னும் எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். கேட்கப் பெருமையாக இருக்கிறது. ஆனால் அப்படிப் பதிவான வாகனத்தை வழக்கமான பயணங்களுக்குச் சாலையில் ஓட்ட முடியாது. கண்காட்சி, பழங்கார் ஊர்வலம், தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கே அனுமதி. பெரியவர் இதைப் படித்துவிட்டு, "எனக்குப் பதக்கம் வேண்டாம், சாலை வேண்டும்" என்று சாதாரணப் பதிவையே புதுப்பித்தார். தகுதி ஆய்வுக்குப் பின் ஐந்தாண்டு நீட்டிப்பு கிடைத்தது. இருபது ஆண்டு கடந்த காருக்கு இதற்கான கட்டணம் 2025-இல் 10,000 ரூபாயாக உயர்ந்தது. தாமதித்த காலத்துக்குத் தனியே கட்டினார்.

காரை முறைப்படி உடைக்கக் கொடுத்திருந்தால், பதிவுபெற்ற உடைப்பகம் ஒரு சான்றிதழ் தந்திருக்கும். அதன் பெயர் வைப்புச் சான்றிதழ். வங்கியில் இருபது ஆண்டுக்கும் மேலாகப் பணிபுரியும் எனக்கு அந்தப் பெயர் சற்று உறுத்தவே செய்கிறது. எங்கள் வைப்பு மீண்டு வரும்.

காப்பீட்டில் காரின் மதிப்பை எவ்வளவு என்று எழுதுவது? ஐந்து ஆண்டு கடந்த வாகனத்துக்கு அட்டவணைத் தேய்மானம் இல்லை. உரிமையாளரும் காப்பீட்டு நிறுவனமும் பேசி ஒப்புக்கொள்ளும் தொகைதான் மதிப்பு. இங்கே பேசத் தயங்கினால் பிறகு வருந்த நேரிடும். வணிகவியல் படித்த பழக்கத்தில் நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1966-இல் ஒரு காரின் விலை 15,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டு, ஆண்டுக்கு 15 விழுக்காடு வீதம் குறைந்துசெல் முறையில் அறுபது ஆண்டுகள் தேய்மானம் கழித்தால் மிஞ்சுவது ஏறத்தாழ 87 காசு. பெரியவரிடம் சொன்னேன். "பரவாயில்லையே, பூச்சியம் ஆகவில்லையே" என்றார். பழுதுபார்ப்புச் செலவுப் பட்டியல், புகைப்படங்கள், மதிப்பீட்டாளர் அறிக்கை ஆகியவற்றைக் காட்டி இறுதியில் நான்கு இலட்சத்துக்கு ஒப்புதல் பெற்றோம்.

சனவரி 24, சனிக்கிழமை. விடியற்காலை ஐந்து மணிக்கு அமீர்பேட்டிலிருந்து புறப்பட்டோம். பயிற்சி நிலையங்களின் பெயர்ப்பலகைகள் மட்டும் விழித்திருந்தன. மாணவர் கூட்டமும் ஆட்டோக்களும் வருமுன் பஞ்சகுட்டாவைத் தாண்டிவிட வேண்டும் என்பது திட்டம். நெரிசலில் ஊர்ந்தால் பழைய எஞ்சின் சூடேறும். இரு கதவுகளையும் சாத்தும் ஓசை தகரப் பெட்டியை மூடுவது போலிருந்தது. புதிதாகப் பொருத்திய இருக்கைப் பட்டைகளை மாட்டிக்கொண்டோம்.

விசயவாடா நெடுஞ்சாலையில் நார்க்கட்பள்ளி வரை சென்று, அங்கிருந்து வலப்புறம் பிரிந்து மிரியாலகூடா, பிடுகுராள்ள, அத்தங்கி வழியாக ஒங்கோல் அருகே கடற்கரை நெடுஞ்சாலையைப் பிடிப்பது வழி. சென்னை வரை ஏறத்தாழ 630 கிலோமீட்டர். புதிய காரில் ஒரே நாளில் போகலாம். நாங்கள் இரண்டு நாள் வைத்துக்கொண்டோம். இரவில் ஓட்டுவதில்லை என்பது பெரியவர் விதித்த முதல் விதி; டைனமோவில் எரியும் முன்விளக்கு, எதிர்வரும் லாரியின் வெளிச்சத்தில் அகல்விளக்குதான். மணிக்கு அறுபத்தைந்தைத் தாண்டுவதில்லை என்பது இரண்டாவது. நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். முன்னால் நாங்கள் விட்டுவைத்த இடைவெளியில் எவரேனும் புகுந்துகொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு முறையும் அவர் முகம் சுளிக்காமல் பின்வாங்கி மீண்டும் இடைவெளி விட்டார். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. அதனால்தானோ என்னவோ, முதல் நூறு கிலோமீட்டர் வரை ஸ்டியரிங்கை என்னிடம் தரவில்லை.

தந்தபோது ஒரு பாடமும் சேர்ந்து வந்தது. ஹெரால்டின் பின்சக்கரங்கள் தனித்தனியே ஊசலாடும் அச்சுகளில் உள்ளன. வளைவில் வேகமாகப் புகுந்து, பயந்து திடீரென ஆக்சிலேட்டரை விட்டால், காரின் பின்பகுதி எழும்பி, வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். கார் சுழன்றுவிடும். "வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிடுங்கள், தம்பி. உள்ளே போனபின் காலை எடுக்காதீர்கள்" என்றார். இதே நிறுவனம் பின்னாளில் கெஸல் என்ற பெயரில் 1972 முதல் 1977 வரை விற்ற காரில் இந்த அமைப்பைக் கைவிட்டு, வழக்கமான ஒற்றை அச்சைப் பொருத்தியது. நம் ஊர்ப் பட்டறைகளுக்கு அது எளிது. ஆனால் வளைவுகளில் ஹெரால்டு தரும் உயிர்த்துடிப்பு வேறு. வாடபள்ளியில் கிருஷ்ணையைக் கடந்தபின் வந்த வளைவுகளில் அதை உணர்ந்தேன். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் அவ்வளவு மகிழ்ச்சி இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பிடுகுராள்ளவில் சுண்ணாம்புத் தூசி படிந்த சாலையோரக் கடையில் தேநீருக்கு நின்றோம். பேச்சு வளர்ந்தது. திரும்பி வந்தால் கார் கிளம்பவில்லை. பேட்டரி சுழற்றுகிறது, எஞ்சின் பற்றவில்லை. எனக்குள் இரண்டு இலட்சத்து முப்பத்தைந்தாயிரமும் கண்முன் ஓடியது. பெரியவர் பானட்டைத் திறந்தார். ஹெரால்டில் பானட்டும் இரு முன் இறக்கைகளும் ஒரே துண்டாக முன்னோக்கிச் சாயும். எஞ்சின், சக்கரம், ஸ்டியரிங் யாவும் வெட்டவெளியில் நிற்கும். அவர் முன்டயரின்மீது அமர்ந்து பெட்ரோல் பம்பைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினார். ஓடும்போது காற்று குளிர்வித்த குழாய், நின்றவுடன் எஞ்சின் சூட்டில் வெந்து, உள்ளிருந்த பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொண்டது. ஈரத்துணியைப் பம்பின்மீது சுற்றிவிட்டு இன்னொரு தேநீர் குடித்தோம். நாற்பது நிமிடத்தில் எஞ்சின் பற்றியது. அதன்பின் எங்கு நின்றாலும் முதல் வேலை பானட்டைத் திறப்பது. அதனால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கூட்டம் கூடியது. சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் ஒழுங்காக வேலை செய்தும், ஊழியர் ஒருவர் வெளியே வந்து எங்களை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்.

அன்றிரவு ஒங்கோல். மறுநாள் காவலி, நெல்லூர், தடா. கும்மிடிப்பூண்டியில் தமிழ்ப் பலகைகள் தொடங்கியதும் பெரியவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். சோழவரம் வந்ததும் காரை ஓரங்கட்டினார். பந்தயங்கள் இருங்காட்டுக்கோட்டைத் தடத்துக்குப் போய் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. சிறுவனாக இருந்தபோது தந்தையுடன் இதே காரில் பந்தயம் பார்க்க வந்ததையும், வீடு திரும்பும் வழியில் தந்தை கொஞ்சம் வேகமாக ஓட்டியதையும் சொன்னார். வேறெதுவும் சொல்லவில்லை.

வெளிவட்டச் சாலையில் வண்டலூர் வந்து பெருங்களத்தூரை அடைந்தபோது மாலை நான்கு மணி. 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய காரைக் கொண்டுவந்து, அதன் விலையும் பெட்ரோல் பசியும் வாங்குவோரை விரட்ட, 1988-இல் கார் உற்பத்தியை நிறுத்திய நிறுவனத்தின் இடம் அது. இப்போது அங்கே கண்ணாடிச் சுவர்களுடன் தகவல் தொழில்நுட்ப வளாகம் உயர்ந்து நிற்கிறது. வாயிற்காவலர் காரைச் சுற்றிவந்து, "எந்தக் கம்பெனி வண்டிங்க ஐயா?" என்று கேட்டார். பெரியவர் வளாகத்தைக் கைகாட்டினார். காவலர் நம்பியதாகத் தெரியவில்லை.

தாம்பரத்தில் மகள் வீட்டு வாயிலில் எஞ்சினை நிறுத்தியபோது 662 கிலோமீட்டர் ஓடியிருந்தது. குடித்தது 52 லிட்டர் பெட்ரோல். சொட்டிய எஞ்சின் ஆயில் கால் லிட்டர். நான் மறுநாள் இரயிலில் திரும்பினேன். சென்ற வாரம் அவர் தொலைபேசியில் அழைத்தார். டிரன்னியன்களுக்குப் புது ஆயில் இட்டாகிவிட்டதாம். கோயம்புத்தூரில் கரி பந்தயத் தடத்தைப் பார்க்க வேண்டுமாம். சேலம் வழியாகப் போனால் வெயில் தாங்குமா, சூலை வரை பொறுக்கலாமா என்று யோசிக்கிறார். வைப்பின் மீதான கடனில் இன்னும் எவ்வளவு எடுக்கலாம் என்றும் கேட்டார். கணக்கைப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.